நுண் ஆர்.என்.ஏ.யும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு விமர்சனக் குறிப்பு

மார்பகப் புற்றுநோய் பற்றிய அண்மைக்கால ஆய்வெழுத்துக்களில் நுண் ஆர்.என்.ஏ. பெறும் இடம் பெரிது. அவ்வெழுத்துக்கள் கையாளும் பெயர்களையே நாம் இங்கு கேள்விக்குட்படுத்த விரும்புகின்றோம்.

ஏறத்தாழ 22 நியூக்கிளியோரைட்டுக்களாலான இச்சிறு மூலக்கூறு தானாகப் புரதமெதனையும் ஆக்குவதில்லை. தூது ஆர்.என்.ஏ.யுடன் பொருந்தி, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுப்பதே அதன் பணி. விக்டர் அம்புரோஸ், கரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் 1993இல் ஒரு சிறு புழுவில் இதனைக் கண்டன. நோபல் பரிசு 2024இலேயே கிடைத்தது.

2005இல் மார்பகப் புற்றிழையங்களை ஆராய்ந்தோர், 21ஆம் இலக்க நுண் ஆர்.என்.ஏ. மிகுந்தும் 145ஆம் இலக்கத்தது குறைந்தும் இருக்கக் கண்டனர். முன்னதைப் 'புற்றூக்கி' என்றும் பின்னதைப் 'புற்றடக்கி' என்றும் வகுப்பது இன்று மரபாகிவிட்டது. 21ஆம் இலக்கத்தது கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் சில புரதங்களை ஒடுக்குவது மெய்யே. எனினும், நன்மையும் தீமையும் மூலக்கூற்றினுள்ளேயே உறைந்து கிடப்பனபோல எழுதுவது வெறும் இயந்திரவாதமாகும். ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைப் பாதிக்கவல்லது. எக்கலத்தில், நோயின் எக்கட்டத்தில் என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகின்றது.

10பி எனும் நுண் ஆர்.என்.ஏ.யின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அது மார்பகப் புற்றுக்கலங்களின் ஊடுருவலையும் பரவலையும் தூண்டுகின்றதென 2007இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. நோயாளரின் கட்டிகளில் அதன் அளவுக்கும் பரவலுக்கும் தொடர்பு காணப்படவில்லையென மறுப்பொன்று 2008இல் அதே இதழில் வந்தது. 2010இல் எலிகளில் அதனை ஒடுக்கியபோது நுரையீரலுக்குப் பரவுதல் குறைந்தது. முதற்கட்டியின் வளர்ச்சியோ குறையவில்லை. ஆக, வளர்ச்சி வேறு, பரவல் வேறு. இவ்விரண்டையும் ஒரே பெயருள் அடக்குவோர் எதனை விளக்குகின்றனர்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கல வளர்ச்சி பற்றிய முடிவுகள் பலவற்றுக்கு ஆதாரமான எம்.சி.எவ்.-7 எனும் கலவழி, 1970இல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரியின் நோயுற்ற உடலிலிருந்து பெறப்பட்டது. (ஆய்வுரைகளில் அப்பெண் ஓர் இலக்கமாகவே எஞ்சியுள்ளார்.) அது ஈஸ்ரோஜன் ஏற்பிகளை உடையது, அவ்வேற்பிகளற்ற கட்டிகளையுடைய பெண்களுக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்தவியலாது.

கண்ணாடித் தட்டில் வளர்ச்சி குன்றியதும் 'சிகிச்சைக்கு வழி பிறந்தது' என முடிக்கும் கட்டுரைகள் அனேகம். புற்றடக்கியெனப் பெயர்பெற்ற 34ஏயின் செயற்கை வடிவம் பல்வகைக் கட்டிகளையுடைய நோயாளரில் பரிசோதிக்கப்பட்டது. கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது.