கிணற்றில் நாலில் ஒரு பங்கு

சர்வர் திணறுகிறது என்றதும் கை தானாக ‘டாப்’ என்று தட்டுகிறது. ராமில் பிடித்திருக்கும் மெமரியைக் காட்டும் ‘ரெஸ்’ நிரலில் எந்த எண் பெரிதோ, அந்த ப்ராசஸ்தான் குற்றவாளி. இந்தப் பழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த லினக்ஸிலும் நொடியில் விடை கிடைக்கும், சுமையும் குறைவு. ப்ராசஸ் ஒன்றே ஒன்று என்றால் எண்ணும் ஏறத்தாழச் சரி.

கோளாறு, கூட்டும்போதுதான். உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஐம்பது இணைப்புகளின் ரெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்பது ஜிபி. “அண்ணா, மெஷின்ல இருக்கறதே 16 ஜிபிதானே?” என்றார். கூட்டலில் பிழையில்லை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ப்ராசஸைக் கிளப்புகிறது. எல்லாம் ‘ஷேர்டு பஃபர்ஸ்’ என்ற ஒரே பொது இடத்தைத் தொடுகின்றன; தொட்டதை ஒவ்வொன்றும் முழுசாகத் தன் பேரில் எழுதிக்கொள்கிறது.

இன்னொரு குறை இதைவிட மோசம். ஸ்வாப்புக்குப் போன பக்கங்களை ரெஸ் எண்ணாது. நெருக்கடி முற்ற முற்ற எண் இறங்கும், பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார்.

நம் ஊர்ப் பத்திரங்களில் ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று எழுதுவார்கள். ‘பிஎஸ்எஸ்’ என்ற இன்னோர் அளவும் அப்படித்தான்: நாலு ப்ராசஸ் பகிரும் 4 கேபி பக்கத்தை ஆளுக்கு 1 கேபி என்று பிரிக்கும். கூட்டினால் கணக்கு நேராகும். ஆனால் கூலி அதிகம். அதைத் தரும் ‘ஸ்மேப்ஸ்’ கோப்பைப் படித்தால் கெர்னல் பக்க அட்டவணைகளை எல்லாம் புரட்ட வேண்டும். 2017-இல் 4.14 கெர்னலோடு வந்த ‘ஸ்மேப்ஸ் ரோலப்’ மொத்தத்தை மட்டும் தருகிறது. புரட்டும் வேலை அதிலும் உண்டு. தவிர, பங்காளிகளில் இருவர் கிளம்பிவிட்டால் மற்றவர்களின் பிஎஸ்எஸ் தானே ஏறும். ஒரு பைட்கூடப் புதிதாக வாங்காத ப்ராசஸ் மெமரியைக் கசியவிடுவதுபோல் தோன்றும். அதனால் கசிவைத் தேடும்போது, யாரோடும் பகிராமல் ப்ராசஸ் தானே எழுதிய பக்கங்களான ‘ப்ரைவேட் டர்ட்டி’யையும் ஸ்வாப்பையும் மட்டும் மணிக்கொரு முறை குறித்துவைப்பது என் வழக்கம்.

அதற்காக ரெஸ்ஸைத் தூக்கி எறியவும் முடியாது. மெமரி தீர்ந்து யாரைக் கொல்வது என்று கெர்னல் பார்க்கும்போது, ரெஸ்ஸில் அடங்கிய பக்கங்களோடு ஸ்வாப்பையும் பக்க அட்டவணையையும் கூட்டித்தான் மதிப்பெண் போடுகிறது. பொதுக் கிணறும் அதில் முழுசாகவே சேரும். பிஎஸ்எஸ்ஸை அது பார்ப்பதே இல்லை.