டிரிக்சியும் துப்பறியும் சுவையும்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13ஆம் பதிப்பு வெளியான 2025 ஆகஸ்ட் 9 அன்று பலர் அதன் புது வால்பேப்பரைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். லினக்ஸில் ஊறியவர்களின் கண் வேறிடத்துக்குப் போகும். வைஃபை பிடிக்கிறதா? மூடிய லேப்டாப் திறந்ததும் விழிக்கிறதா? ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா? ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் அவர்கள் சோர்வதில்லை. ஆட்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயரைச் சூட்டும் டெபியன் வழக்கப்படி இந்தப் பதிப்புக்கு 'டிரிக்சி' என்று பெயர். படத்தில் அது ஒரு நீல டைனோசர் பொம்மை.

லினக்ஸ் தன் பழுதை ஒளிப்பதில்லை. ரசனைக்கு இடம் கிடைப்பது அதனால்தான். கணினி துவங்கும் நொடியிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னல் தான் கண்டதையெல்லாம் எழுதிவைக்கிறது. நிர்வாகி உரிமையோடு 'டிமெசேஜ்' கட்டளையைக் கொடுத்தால் அந்தக் குறிப்பு முழுவதும் நேர முத்திரையோடு விரியும். எந்தச் சாதனம் எப்போது தென்பட்டது, எந்தக் கோப்பைத் தேடி ஏமாந்தது, எல்லாம் அதில் உண்டு.

'எல்எஸ்பிசிஐ' இன்னும் அழகான கட்டளை. அதோடு 'என்என்கே' என்ற எழுத்துகளைச் சேர்த்தால், பலகையில் உள்ள ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் அடையாள எண்ணையும் அதை இயக்கும் டிரைவரின் பெயரையும் வரிசையாகச் சொல்லும். டிரைவர் வரி இல்லாத சாதனத்தின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். எண்களிலும் சுவை இருக்கிறது. நிறுவனத்தைக் குறிக்கும் பகுதியில் இன்டெல்லின் எண் 8086. 1978இல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அந்நிறுவனம் முத்திரையாக்கிக்கொண்டது. வைஃபை சிப் தயாரித்த பிராட்காமுக்கு 14இ4. விளம்பரப் பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சிப்பை முழு அடையாள எண் காட்டிக்கொடுத்துவிடும்.

வைஃபைதான் இந்தத் துப்பறியும் கலையின் பழைய களம். பிராட்காம் சிப்புகளுக்கு ஒரு காலத்தில் திறந்த டிரைவரே கிடையாது. ஆர்வலர்கள் அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரை அலசி, சிப்போடு பேசும் முறையைத் தாங்களே கண்டறிந்து எழுதிய டிரைவர் 2006இல் கெர்னலில் சேர்ந்தது. 2010இல் பிராட்காமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. ஆனால் டிரைவர் மட்டும் போதாது. சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடிய கோப்பு. கட்டற்ற மென்பொருளே தன் வழி என்று 1997இல் 'சமூக ஒப்பந்தம்' எழுதிக்கொண்ட டெபியன் அதைத் தன் நிறுவியில் வைக்க மறுத்தது. நிறுவி அந்தக் கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அதே கோப்பு வேண்டும். கிணற்றில் இறங்கக் கயிறு தேவை, கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது என்ற கதை.

2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. வேண்டாம் என்பவர் அதைத் தவிர்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கொள்கை தளர்ந்ததே என்ற வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் எல்லோரும் அறிய வாக்கெடுத்து, எழுதிவைத்து மாற்றிய அந்த நேர்மையை மெச்சாமல் இருக்க முடியாது.

கருப்புத் திரை மட்டுமே தெரிந்தால்? கணினி துவங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் போதும். கெர்னல் தன் காட்சி டிரைவர்களை ஒதுக்கிவிட்டு எளிய முறையில் திரையை எழுப்பப் பார்க்கும். அந்த மாற்றம் ஒரு துவக்கத்துக்கு மட்டுமே. அடுத்த முறை அதன் சுவடே இருக்காது. எதையும் கெடுக்காமல் சோதிக்கவிடும் இந்தப் பண்பு அருமையிலும் அருமை.

மூடிய லேப்டாப் விழிக்காத தூக்கச் சிக்கல் கொஞ்சம் முரடு. 'மெம் ஸ்லீப்' என்றொரு சின்னக் கோப்பைத் திறந்தால் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற சொற்கள் இருக்கும். நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குள் நிற்கும். மற்றதை அதே கோப்பில் எழுதினால் தூக்கமுறை மாறிவிடும். புது லேப்டாப்கள் பலவற்றில் 'டீப்' வசதியே இல்லை என்பதுதான் சங்கடம்.

டிரிக்சியின் கெர்னல் 6.12, முதலில் வெளிவந்தது 2024 நவம்பரில். அதற்குப் பின் சந்தைக்கு வந்த சிப்புகளை அது அறியாமல் போகலாம். அப்படியானால் டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை எடுத்துக்கொள்வதே சரியான வழி. எங்கோ படித்த கட்டளைகளை அர்த்தம் புரியாமல் ஒட்டிப் பார்ப்பது இந்தக் கலைக்கு ஆகாது.

இத்தனையையும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே சோதித்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000இல் தொடங்கிய 'நாப்பிக்ஸ்' பிரபலமாக்கிய, நிறுவாமலே இயக்கும் 'லைவ்' முறை டிரிக்சிக்கும் உண்டு. 8 ஜிபி பென் டிரைவ் போதும். பழுதைத் தீர்க்க முடியாதவர்கள் அதை அப்படியே விட்டுவிட வேண்டாம். சாதன எண், கெர்னல் பதிப்பு, டிமெசேஜில் தெரிந்த பிழை வரிகள் ஆகியவற்றை 'ரிப்போர்ட்பக்' நிரல் வழியாக டெபியனுக்கு எழுதி அனுப்புங்கள்.