சான் வான் மலைக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள்!

கொலராடோவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சான் வான் மலைகளைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும், எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அமெரிக்காவில் ஒரே ஒரு மலைப்பயணம்தான் முடியும் என்றால் அது இங்கேதான் என்று அடித்துச் சொல்வேன். பனிச் சிகரங்கள் எங்கும் உண்டு. மரம்கூட முளைக்காத பாறைச் சரிவில் வீடு கட்டிக் குடியிருந்து, வெள்ளியும் தங்கமும் தோண்டிய மனிதர்களின் சுவடு இத்தனை பக்கத்தில் வேறெங்கு கிடைக்கும்? நாம் போகும் சாலையும் ரயில் பாதையும் தாதுக்கல்லை மலையிலிருந்து இறக்கப் போட்டவைதான். அதனால் பயணத் திட்டத்தைச் சுரங்கங்களை வைத்தே போடுங்கள். (இது யூட் பழங்குடியினரின் மண். 1873 ஒப்பந்தத்தில் அது அவர்கள் கையைவிட்டுப் போன பிறகுதான் சுரங்கக்காரர்கள் திரண்டு வந்தார்கள். இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.)

ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான மாதங்கள். அதற்கு ரொம்ப முன்னால் போனால் உயரமான கணவாய்களில் பனி வழிமறிக்கும். முதல் இரவு டுராங்கோவில் தங்குங்கள். சுமார் 6,500 அடி உயரத்திலுள்ள ஊர் என்பதால் உடம்பு பழகிக்கொள்ளும். மறுநாள் காலை நீராவி ரயிலில் ஏறி 9,300 அடி உயரத்து சில்வர்டனுக்கு! 1882இல் போட்ட 45 மைல் குறுகிய பாதை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அதலபாதாளத்தில் அனிமாஸ் ஆறு. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது.

சில்வர்டனில் ஓல்ட் ஹண்ட்ரட் சுரங்கத்தை விட்டுவிடாதீர்கள். மழைக்கோட்டும் தலைக்கவசமும் தந்து, சின்ன ரயிலில் மலையின் வயிற்றுக்குள் கூட்டிப்போகிறார்கள். வெளியே கோடை வெயில், உள்ளே பல்லைக் கிட்டும் குளிர். கறுத்த பாறையில் ஓடிய வெள்ளைக் குவார்ட்ஸ் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாகச் சில்லென்றிருந்தது. இந்தப் பட்டைக்காகத்தானே இவ்வளவு பாடும்! வழிகாட்டி துளைக்கருவியைச் சில விநாடி இயக்கிக் காட்டினார். நெஞ்செலும்பு வரை அதிர்ந்தது. நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நினைத்ததும் கைகூப்பத் தோன்றியது.

அடுத்து ஜீப் எடுத்துக்கொண்டு, 11,200 அடி உயரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் அனிமாஸ் ஃபோர்க்ஸ் ஊருக்கு. 1879இல் கட்டிய டங்கன் வீட்டின் வளைந்த சன்னலோரம் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். 1884இல் 23 நாள் விடாமல் பனி கொட்ட, வீட்டுக்கு வீடு பனிக்குள் சுரங்கவழி வெட்டி நடமாடினார்களாம்! காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடையாது.

அந்தப் பக்கத்து மலைகளில்தான் சன்னிசைடு சுரங்கம். 1978 ஜூன் 4 அன்று அதற்கு மேலிருந்த எம்மா ஏரியின் அடித்தரை பொத்துக்கொண்டு, ஏரி மொத்தமும் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஒருவர்கூட இல்லை! இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சில்வர்டனிலிருந்து ஊரே நகருக்குப் போகும் சாலைக்குப் பெயர் மில்லியன் டாலர் நெடுஞ்சாலை. 11,018 அடியில் ரெட் மவுண்டன் கணவாய். இரும்புத் துரு ஏறிச் செக்கச் சிவந்த சிகரங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஓடும் ஓடைகள். பல இடங்களில் தடுப்பே இல்லை. பயந்தவர்கள் வடக்கு நோக்கியே ஓட்டுங்கள், மலைச்சுவர் உங்கள் பக்கம் இருக்கும். ஊரேயில் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறங்கினால் ஜீப்பில் குலுங்கிய அலுப்பெல்லாம் பறந்துவிடும்.

ரயில் சீட்டையும் ஜீப்பையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கோடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு.