பெயரில் ஊறும் நீர்

லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வாரில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் தம் பெயருக்குப் பின்னால் ‘மன்பயீ’ என்று போட்டுக்கொள்வார்கள், வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் ‘பாகவி’ ஆவதுபோல. மன்பஃ என்ற அரபுச் சொல்லுக்கு ஊற்று என்று பொருள். மதரசாவின் பெயர் ‘ஒளிகளின் ஊற்று’. ஊருக்குப் பக்கத்திலேயே வீராணம் ஏரி. ஏரி நிரம்பினால் உபரி நீர் லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை வழியாக இறங்கும். மார்க்கச் சட்ட நூல்கள் பெரும்பாலும் தூய்மை பற்றிய பாடத்தில்தான் தொடங்கும்: எந்தத் தண்ணீரில் ஒளு செய்யலாம், எதில் கூடாது. அந்தப் பாடத்தை வீராணத்துக் காற்றில் உட்கார்ந்து ஓதுகிறவருக்கும், குழாய்த் தண்ணீர் ஊரில் ஓதுகிறவருக்கும் பாடம் ஒன்றுதான். மனசில் விழுவது ஒன்றாக இருக்குமா?

ஏரிக்குத் தென்புறம் காட்டுமன்னார்கோயில், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் ஊர். அதன் பழம்பெயர் வீரநாராயணபுரம். முதலாம் பராந்தகனின் அதே விருதுப்பெயரைத்தான் ஏரியும் சுமக்கிறது. ஒரே கரையில் இரண்டு கல்வி மரபுகள். இரண்டிலும் ஆசான்களின் பெயர்வரிசை தப்பாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஏரி மட்டும் அவற்றில் பெயரளவில் நின்றுவிட்டது.

அறிஞனுக்கும் அவனைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் என்ன உறவு என்று ஆராய, இந்தச் சிதம்பரம் வட்டாரத்தைவிட வளமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு காரணம். வெள்ளாறும் கொள்ளிடமும் அவற்றுக்கு இடையே கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் மற்றொன்று.

அந்தப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் விபுலாநந்த அடிகள். அறிவியல் பட்டதாரி, பிறந்தது மட்டக்களப்புப் பக்கம் காரைதீவு. மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து இசை கேட்கும் என்பார்கள். மீனின் பாட்டு என்பார் சிலர், ஊரியின் ஒலி என்பார் சிலர். அடிகள் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை, அற்புதம் என்று கும்பிடவும் இல்லை. ‘நீரரமகளிர்’ என்று பாடல் எழுதினார். பழந்தமிழர் இசைக்கணக்கை ஆராய்ந்த அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அந்த நூலின் கணக்குகளுக்கு முன்னால் ஒரு வாவியும் ஒரு காதும் இருந்தன என்பது என் கட்சி.

தனிநாயக அடிகளும் ஈழத்தவர். ஊர்காவற்றுறைத் தீவுப் பிள்ளை. ரோமில் குருத்துவக் கல்வி முடித்து, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை முறையாகக் கற்கத் தொடங்கி, 1945இல் அண்ணாமலைக்கு வந்தார். சங்கப் பாட்டில் இயற்கை என்பதே அவருடைய ஆய்வு. அதன் விரிந்த வடிவம் 1966இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்ற நூலாயிற்று. கிரேக்கமும் லத்தீனும் ஒப்பீட்டுக்கு வருகின்றன. தீவுப் பிள்ளையின் கடலை வரிகளுக்கு இடையில்தான் தேடவேண்டும். ஆய்வேட்டில் ‘நான்’ வரக்கூடாது என்ற எழுதாத சட்டத்துக்கு அவரும் கட்டுப்பட்டவர்தானே.

அந்தச் சட்டத்தால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. தில்லை என்றால் நமக்குக் கூத்தன் நினைவுக்கு வருகிறான், மரம் வருவதில்லை. தில்லைமரத்தைப் பார்க்க இன்று பிச்சாவரத்துக்குத்தான் படகேற வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும் என்பது படகோட்டிக்குத் தெரியும், தல புராணம் படித்தவருக்குத் தெரியாது. சங்க இலக்கியச் செடிகொடிகளையும் பறவைகளையும் அடையாளம் கண்டு எழுதிய பி.எல். சாமி போன்றவர்கள் ஏட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்தார்கள். அவர் தமிழ்த்துறைக்காரர் அல்லர், ஆட்சிப் பணியில் இருந்தவர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்தில் கதை வேறு. ஆர்.வி. சேஷய்யா தொடங்கிவைத்த அந்த மரபில், வெள்ளாற்று முகத்துவாரச் சேறு ஒட்டாத ஆய்வாளர் இருக்க முடியாது. அங்கிருந்து பிச்சாவரத்தை ஆராய்ந்த க. கதிரேசன், 1990களில் ஒரு சுரபுன்னை வகையைப் புதிதெனக் கண்டு ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று தன் பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அது இரு சுரபுன்னை இனங்களின் கலப்பு என்று தெரிந்தபின், பெயரின் நடுவில் பெருக்கல் குறி ஏறியது, அண்ணாமலை போகவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த ஆண்டே கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குப்பங்களின் சேதத்தைக் கணக்கிட்டு, அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். 2006இல் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்து மறுத்தார்கள்: ஊரின் மேட்டுநிலையும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு மிகச் சிறிது என்றார்கள். புள்ளியியலில் மறுத்தவர்கள் வாதம் வலுவானது. பல ஆண்டுகள் நடந்து பழகிய காட்டின்மேல் உள்ள பாசம் கணக்கைச் சாய்த்திருக்குமா? கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் பேரலை ஓய்ந்த கையோடு எந்தக் குப்பத்தில் எதை எண்ண வேண்டும் என்று தெரிந்திருந்தது அந்தப் பழக்கத்தால்தான். மறுக்கக் கிடைத்த எண்களும் அப்படி வந்தவையே.

அண்ணாமலையில் வேளாண்மை படித்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்தவர். ‘நான்’ சொல்லத் தயங்காதவர். அவர் எழுத்து இன்றும் விற்கிறது, ஆய்வேடுகள் நூலகத்தில் தூங்குகின்றன.

முகத்துவாரத்தில் வலை இழுத்தவர்கள், அலையாத்தியில் விதை எண்ணியவர்கள் என ஆய்வாளர்கள் பலர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆய்விதழில் அச்சேறாத பக்கங்கள் அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் களக்குறிப்பேடுகளில் இருக்கும்: மழை, வழிதவறிய இரவு, படகோட்டி சொன்ன பெயர். பிறை பார்த்த கதைகளைச் சொல்ல லால்பேட்டையிலும் முதிய மன்பயீகள் இருப்பார்கள். கறையான் முந்திக்கொள்ளும் முன் அந்தக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் பதிப்பியுங்கள். கதைகளையும் கையோடு எழுதிக்கொள்ளுங்கள்.