மேலைப் பண்புகளும் நோராவின் கதவும்

மேலைப் பண்புகள் என்னும் தொடர் நம்மவர் மேடைகளில் இருவகையாக வழங்கக் காண்கிறோம். குடும்பத்தைக் குலைக்க வந்த கேடு என்பர் ஒரு சாரார். உலகுக்கு வழிகாட்ட வந்த ஒளி என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருமே அப்பண்புகளை ஓரிடத்தில் செய்து முடித்துப் பிற நாடுகளுக்குக் கப்பலேற்றிய சரக்கைப் போலக் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஓர் இலக்கியத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் எழுதி, 1879ஆம் ஆண்டு டிசம்பரில் கோப்பன்கேகன் நகரில் முதன்முதல் அரங்கேறிய ‘பொம்மை வீடு’ அவ்விலக்கியமாகும்.

தனிமனிதன் தன் மனச்சான்றின்படி நடக்க உரிமையுடையவன்; சட்டத்தின் முன் அனைவரும் ஒப்பர்; ஆட்சி என்பது ஆளப்படுவோரின் இசைவில் நிற்பது; எதனையும் அறிவால் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். மேலைப் பண்புகளுள் இந்நான்கும் தலையாயவை எனலாம். இவை ஒரே காலத்தில், ஒரே மண்ணில் முளைத்தவை அல்ல. அரசனின் ஆணையை மீறித் தன் உடன்பிறந்தானுக்கு இறுதிக்கடன் ஆற்றிய அந்திகோனியைச் சோபக்ளீசு படைத்தபோதே கிரேக்க மண்ணில் மனச்சான்றின் குரல் கேட்டது. 1517இல் மார்ட்டின் லூதர் திருச்சபையை எதிர்த்தபோது அக்குரல் சமயத்துறையில் ஒலித்தது. 1689இல் வெளிவந்த லாக்கின் நூல் அதனை ஆட்சியியலுக்குக் கொண்டு சென்றது. 1789இல் பிரெஞ்சு மக்கள் மன்றம் மனித உரிமைகளைப் பறைசாற்றியது.

அவ்வறிக்கையில் பெண்ணுக்கு இடமில்லை. 1791இல் பெண்ணின் உரிமைகளைத் தனியே அறிக்கையாக எழுதி வெளியிட்ட ஒலிம்ப் டி கூச் என்னும் அம்மையார், புரட்சியின் தலைவர்களை எதிர்த்து எழுதியமைக்காக 1793இல் தலை கொய்யப்பட்டார். மேரி வுல்சுடன்கிராப்ட் 1792இலும், சான் சுடூவர்ட் மில் 1869இலும் பெண்ணுரிமை பற்றி நூல்கள் எழுதினர். மில்லின் நூலை அவ்வாண்டிலேயே சியார்சு பிராண்டசு டேனிய மொழியில் பெயர்த்தார். பத்தாண்டுகள் கழித்து இப்சனின் நாடகம் தோன்றியது.

நோய்வாய்ப்பட்ட கணவனைக் காக்க, அவன் அறியாமல் கடன் பெறுகிறாள் நோரா. மணமான பெண்ணொருத்தி கணவனின் ஒப்புதலின்றிக் கடன் பெற இயலாத காலம் அது. ஆகவே, இறக்கும் தறுவாயிலிருந்த தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுவிடுகிறாள். செய்தி வெளிப்பட்டதும் கணவன் தன் பெயருக்கு வரும் இழுக்கை மட்டுமே எண்ணுகிறான். பிள்ளைகளை வளர்க்க அவள் தகுதியற்றவள் என்கிறான். கடன்பத்திரம் திரும்பி வந்தவுடன் மன்னித்துவிட்டதாகக் கூறுகிறான்.

அக்கால நாடக மரபுப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இப்சன் முடிக்கவில்லை. கணவனை மேசைக்கு எதிரே அமர்த்தி, எட்டாண்டு மணவாழ்க்கையில் முதன்முறையாக நோராவை அவனோடு மெய்யாகப் பேச வைக்கிறார். தந்தைக்கும் கணவனுக்கும் தான் பொம்மையாகவே இருந்ததையும், மனைவி, தாய் என்பவற்றுக்கு முன்னே தான் ஒரு மனித உயிர் என்பதையும் அவள் உணர்த்துகிறாள். ஆராய்ந்து ஏற்றல் என்னும் பண்பு, அறிவுரையாக நில்லாமல் நாடகத்தின் அமைப்பாகவே மாறிய இடம் இது. பிறகு அவள் வெளியேறுகிறாள். கதவு மூடும் ஓசை கேட்கிறது.

அவ்வோசையை மேலை உலகம் மகிழ்ந்து வரவேற்றதா? இல்லை. 1880இல் செருமானிய நடிகை ஒருவர், பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாயாகத் தம்மால் நடிக்க இயலாது என மறுத்தார். வேறெவரேனும் நாடகத்தைச் சிதைப்பதற்கு முன் தாமே மாற்றுவது மேல் எனக் கருதிய இப்சன், பிள்ளைகளின் அறைவாயிலில் நோரா தளர்ந்து வீழ்வதாக வேறொரு முடிவை எழுதினார். அதனைத் தம் நாடகத்தின்மீது நிகழ்த்திய காட்டுமிராண்டிச் செயல் என அவரே பின்னர்ச் சாடினார். மணமான பெண் தன் உடைமையைத் தானே ஆளும் உரிமை, நார்வேயிலேயே 1888இல்தான் கிட்டியது. ஆகவே, நாம் மேலைப் பண்பு என்று அழைப்பதை மேலைநாட்டவரும் எளிதில் ஏற்றவர் அல்லர் என்பது தெளிவாகிறது.

இனி, இந்நாடகம் கீழ்த்திசை வந்த வரலாற்றைக் காண்போம். 1911இல் தோக்கியோவில் மட்சுயி சுமாக்கோ நோராவாக நடித்தார். அவ்வாண்டிலேயே தோன்றிய ‘செய்தோ’ என்னும் பெண்கள் இதழ், 1912 சனவரியில் அந்நாடகத்தைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது. சீனத்தில் 1918இல் ‘புதிய இளைஞர்’ இதழ் இப்சனுக்கெனச் சிறப்பிதழ் கொணர்ந்தது. 1923இல் பீக்கிங் மகளிர் கல்லூரியில் உரையாற்றிய லூ சுன், வெளியேறிய பின் நோரா என்ன ஆவாள் என்று வினவினார். கையில் பணம் இல்லாதவளுக்குச் சீரழிதல் அல்லது வீடு திரும்புதல் என்னும் இரண்டு வழிகளே உண்டு என்றும், பொருளுரிமை இன்றி விடுதலை இல்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். 1925இல் அவர் எழுதிய சிறுகதையில், இப்சனைப் படித்துத் துணிந்து காதலனோடு வாழவந்த இளம்பெண், அவன் வேலையும் அன்பும் இழந்தபின் தந்தை வீட்டுக்கே திரும்பி மடிகிறாள். வந்த கருத்தை அப்படியே விழுங்காமல், அதன் குறையையும் கண்டு நிரப்பிய திறனாய்வு இது.

அக்குறை நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. நோராவை வளர்த்த செவிலி ஆன்மேரி, பிழைப்பின் பொருட்டுத் தன் மகளைப் பிறரிடம் ஒப்படைத்து வந்தவள். நோரா துணிந்து வெளியேற முடிந்ததே, தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அச்செவிலி இருக்கிறாள் என்னும் நம்பிக்கையால்தான். செல்வக் குடும்பத்துப் பெண்ணின் விடுதலைக்கு ஓர் ஏழைத்தாயின் இழப்பு அடித்தளமாகிறது. இப்சன் இதனைக் காட்டுகிறார்; ஆயினும் வினாவாக எழுப்பவில்லை. மில்லிடமும் இத்தகைய குறையுண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய அவர், உரிமையைப் பற்றி 1859இல் வெளியிட்ட நூலிலேயே, நாகரிகமடையாதார் எனத் தாம் கருதிய மக்களுக்கு அவர்தம் முன்னேற்றத்தின்பொருட்டு வல்லாட்சி தகும் என்றார். கொள்கையின் எல்லையை வகுத்தவர் தம் வசதிக்கேற்ப வகுத்தனர்.

இவற்றால் அக்கொள்கைகள் பொய்யென ஒதுக்கத்தக்கவையா எனின், அன்று. பெண்ணை விடுத்த அறிக்கையை ஒலிம்ப் அம்மையார் அதன் சொற்களைக் கொண்டே திருத்தினார். குடியேற்ற நாடுகளின் மக்களும் தம்மை ஆண்டோரின் நூல்களிலிருந்தே விடுதலைக்குச் சான்று காட்டினர். வகுத்தவரையே வினவும் ஆற்றல் இருப்பதால்தான் அப்பண்புகள் ஓரிடத்துச் சொத்தாக நில்லாமல் உலகெங்கும் பரவின.

ஆதலின், ‘பொம்மை வீடு’ நாடகத்தை வகுப்பறையில் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் கதவு மூடும் ஓசையோடு பாடத்தை முடித்துவிடுதல் ஆகாது. வெளியே சென்றவளுக்கு உணவு எங்கே என்று லூ சுன் கேட்டதையும், உள்ளே நின்ற ஆன்மேரியின் மகள் எங்கே என்பதையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். விடை காண முயலும் மாணவன், மேலைப் பண்பைக் கண்மூடிப் போற்றவும் மாட்டான். கண்மூடித் தூற்றவும் மாட்டான்.