கயிறு மாறிய பின்

குளிர்காலத்தில் குதிரைக்குக் கடிவாளம் பூட்டுவதற்கு முன், வாய்க்குள் போகும் இரும்பை உள்ளங்கைக்குள் பொத்திவைத்துச் சூடாக்கவேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் கிடந்த இரும்பை அப்படியே வாயில் திணித்தால் நாக்கின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அப்படிச் செய்தவரைக் கண்டால், அடுத்தமுறை குதிரை தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். சூடாக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நிமிடங்களில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், நான் படித்த தமிழ்ப் பாட்டுகளில் வரும் குதிரைகளை யோசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படி வந்தது.

நான் குதிரையோடு வளர்ந்தவன் அல்ல. வாட்டர்லூவில் கணினித்துறையில் முதுகலை முடித்து, இருபது வருடங்களாக ரொறன்ரோவில் மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது, மகளை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மேயும் மட்டக்குதிரைகளைத் தொட்டுப்பார்க்க அவள் அன்று முழுவதும் முயன்றாள். ஒன்றும் கிட்ட விடவில்லை. திரும்பிவந்ததும் குதிரைச் சவாரி பழகவேண்டும் என்று நின்றாள். நகரத்துக்கு வடக்கே நாற்பது நிமிடக் கார்த் தூரத்தில் உள்ள ஒரு லாயத்தில் சேர்த்தேன். இரண்டு வருடத்தில் அவள் கூடைப்பந்துக்குப் போய்விட்டாள். முற்பணம் கட்டிய வகுப்புகள் மிஞ்சியிருந்தன. காசை விட மனமில்லாத யாழ்ப்பாணத்தான் நாற்பத்தைந்தாவது வயதில் குதிரை ஏறினான்.

பிறகு ஒரு பெண்குதிரையை வாரத்தில் மூன்று நாட்களுக்குப் பகுதிக் குத்தகைக்கு எடுத்தேன். செம்பழுப்பு நிறம், ஒன்பது வயது. வுட்பைன் பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்றவள். அவளுடைய முதல் குளிர்காலம் எனக்கும் முதல் குளிர்காலம். அந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, உள்ளரங்கின் மணலில் அவளை மெதுநடையில் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று நாட்களாக உலோகக் கூரையில் குவிந்திருந்த பனி, வெயில் பட்டதும் ஒரே பாளமாக வழுகி விழுந்தது. தலைக்குமேல் ரயில் போவதுபோல ஓர் இரைச்சல். அவள் பாய்ந்தாள். நான் வாரை இழுத்தேன். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். இன்னும் இழுத்தேன். மூன்றாவது மூலையில் அவள் திரும்பினாள், நான் திரும்பவில்லை.

மணலில் கிடந்தபோது, ஊரில் படிப்பித்த தமிழ் வாத்தியாரின் குரல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. போர்க்களத்தில் இடைவழியில் தள்ளிவிட்டு ஓடும் கல்லாத குதிரை போன்றவர்களின் உறவைவிடத் தனிமை மேல் என்பது 814ஆவது குறள். வாத்தியார் அதை எங்களுக்கு நட்பைப் பற்றிய எச்சரிக்கையாகச் சொல்லித்தந்தார். குதிரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பயிற்சியாளர் முதலில் குதிரையைப் பிடித்தார், பிறகுதான் என்னிடம் வந்தார். “நீங்கள் ஓடச் சொன்னீர்கள், அவள் ஓடினாள்” என்றார். பந்தயக் குதிரைக்கு வாரின் இறுக்கம்தான் துணை; இழுக்க இழுக்க இரும்பில் சாய்ந்துகொண்டு வேகம் பிடிக்கும். ஐந்து வயது வரை அவள் கற்ற பாடம் அது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “பயந்தால் எல்லாரும் இழுப்பார்கள், அப்பா. அதைத்தான் முதலில் மறக்கவேண்டும்.”

எங்கள் இருவரில் கல்லாத குதிரை யார்? அவள் நன்றாகக் கற்றவள். கற்றது வேறு மொழி. அந்த மொழியை அறியாமல் மேலே ஏறி இருந்தவன் நான்.

இந்தக் கேள்வியோடு குறளுக்குத் திரும்பினால் ஓர் இடம் உறுத்துகிறது. வள்ளுவர் இந்தக் குதிரையை 82ஆவது அதிகாரமான தீ நட்பில் வைக்கிறார். அதற்கு முந்திய 81ஆவது அதிகாரம் பழைமை. பழகியவர் உரிமையோடு செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் அது. மனிதருக்குப் பழைமை என்ற சலுகை கிடைக்கிறது, குதிரைக்குக் கிடைக்கவில்லை. அது கல்லாதது என்றால் கற்பித்திருக்கவேண்டியவர் யார் என்ற கேள்வி குறளுக்குள் எழவே இல்லை. உவமைக்கு அவ்வளவு வேலை கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு குறளில் மட்டும் இப்படி இருந்தால் நானும் விட்டுவிடுவேன். நம் இலக்கியத்தின் பெருங்குதிரைகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன: வந்து இறங்குகின்றன, ஓடுகின்றன, விழுகின்றன. இடையில் அவற்றோடு யார் இருந்தார்கள் என்பது தெரிவதில்லை.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வருகின்றன. மிளகு, பொன், மணி என்று நீளும் சரக்குப் பட்டியலில் அவையும் ஒன்று. பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ அந்தச் சரக்குக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்குமேல் வாங்குவான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குவார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்கிறார். வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை, பேணத் தெரியவில்லை, இறைச்சி கலந்த சோற்றைப் போடுகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் அவர் கூட்டியிருக்கலாம். ஆனாலும் லாயத்துக்குள் எட்டிப்பார்த்த ஒருவரின் குறிப்பு அது. நம் பக்கத்தில் அந்த லாயத்துக்குள் போகும் கதை எது என்று தேடினால் கையில் கிடைப்பது திருவிளையாடல்.

கதை எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்க அனுப்பப்பட்ட வாதவூரர் அரசன் பணத்தைப் பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே வணிகனாகி மதுரைக்கு ஓட்டிவருகிறார். பாண்டியன் பார்த்து மகிழ்கிறான். பிறகு கயிறு மாறுகிறார்கள். கயிறு கைமாறிவிட்டால் அதன்பின் வருவது வாங்கியவன் பாடு, விற்றவனுக்குப் பொறுப்பில்லை. அன்றிரவு லாயத்தில் குதிரைகள் மீண்டும் நரிகளாகி, பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. பக்தியைப் பக்தர்கள் பேசட்டும். எனக்கு இது குதிரை வணிகத்தின் கதையாகவும் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் வீதியில் அழகு பார்த்து வாங்கியவன், இரவில் அதனோடு இருக்கத் தெரியாதவன். லாயத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் வேறொரு வகை உண்டு. ஒருவராலும் அடக்கமுடியாத தில்லிக் குதிரையை இளம் தேசிங்கு ஒரே ஏற்றத்தில் அடக்கிவிடுகிறான். செஞ்சியின் உண்மையான தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு இறந்தவன். பாடலின் தேசிங்கு குதிரையோடு வானில் பறப்பவன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அடக்குவது ஒரு நாள் வேலை, பழக்குவது ஒரு குளிர்கால வேலை. கூத்துக்கும் சினிமாவுக்கும் முதலாவதுதான் வசதி.

தமிழில் மற்றது இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறிய பாட்டுகளில் இருக்கிறது. புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார் இரண்டு குதிரைகளை வைக்கிறார். ஒன்று, பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனுடையது. உழுந்துச் சக்கை தின்று தளர்ந்த நடை நடப்பது. மற்றது, பெருவேந்தருடையது, நெய்ச்சோறு தின்பது. போரில் முன்னது கடலைக் கிழிக்கும் தோணிபோலப் போகிறது, பின்னது ஒதுங்கி நிற்கிறது. பொன்முடியார் குதிரையின் தீனியைப் பார்க்கிறார். தின்பது என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அது என்ன செய்யும் என்று தெரியும். அவருடைய நெய்ச்சோற்றுக் குதிரையையும் மார்க்கோ போலோவின் இறைச்சிச் சோற்றுக் குதிரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலம் பல நூற்றாண்டு விலகியிருந்தும் பிழை ஒரே இனம்.

273ஆம் பாட்டில் ஒரு வீட்டுப் பெண் காத்திருக்கிறாள். எல்லோருடைய குதிரைகளும் வந்துவிட்டன, தன் பிள்ளையின் தந்தை ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லை. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நின்ற பெருமரம்போல அது சாய்ந்ததோ என்று ஏங்குகிறாள். அவள் ஏக்கம் கணவனுக்காக என்பது வெளிப்படை. ஆனால் வாயில் வருவது குதிரை. அந்த வீட்டில் அது வாகனமாக மட்டும் இருந்திருந்தால் இப்படி வராது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் தேரின் மணிநாவைக் கட்டிவைத்து வருகிறான். பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் வெருளக்கூடாது. கூரைப் பனி விழுந்த நாளுக்குப் பிறகு இந்தப் பாட்டை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். ஒரு சத்தம் இன்னொரு உயிருக்கு என்ன செய்யும் என்று எண்ணிப்பார்த்தவரின் பாட்டு இது.

தமிழில் ‘பழகு’ என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. சவாரி பழகுகிறோம், அயலவரோடும் பழகுகிறோம். பயிற்சியும் உறவும் ஒரே வினைச்சொல். லாயத்தில் அது வெறும் சொல்விளையாட்டு அல்ல. விழுந்த பிறகு நான்கு வாரம் நான் அவள்மேல் ஏறவில்லை. குளம்புக்குள் உருண்டையாக இறுகும் பனியைக் கொக்கியால் தோண்டி எடுத்தேன். குளிர்ந்த நீரைக் குதிரை குறைவாகக் குடிக்கும், குடல் வலி வரும் என்பதால் வெந்நீர் கலந்து வைத்தேன். நடத்தியபின் வியர்வை காயும்வரை தேய்த்துவிட்டுத்தான் போர்வை போடவேண்டும்; ஈரத்தோடு போட்டால் குளிர் உள்ளே தங்கிவிடும். இவை பயிற்சியா உறவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான்காம் வாரம் கடிவாளத்துக்கு அவளாகவே தலையைத் தாழ்த்தினாள்.

இங்கேதான் இந்த இதழின் வாசகர்களிடம் சொல்லவேண்டிய விஷயம் இருக்கிறது. பாண்டியன் குதிரையை வாங்கியதுபோல நாங்கள் பனியை வாங்கினோம். புலம்பெயர் எழுத்தில் நான் படித்த பனி பெரும்பாலும் ஒரே பனி: வெள்ளைச் சேலை, பிணத்துணி, ஊர் இல்லாத வெறுமை. முதல் குளிர்காலத்தில் அது உண்மை. செத்தவர்களை விட்டுவந்தவர்கள், இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றவர்கள் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் கவிதைகளைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. இருபதாவது குளிர்காலத்திலும் அதே சேலையை விரிக்கும்போதுதான் கேள்வி வருகிறது. கயிறு மாறி எத்தனை வருடம்? இந்தப் பனி எப்போது சறுக்கும், எப்போது சத்தம் போடும், எந்த நாளில் குளம்புக்குள் இறுகும் என்று எங்கள் எழுத்துக்குத் தெரியுமா? ரொறன்ரோவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு ‘குதிரைக்காரன்’ என்று பெயர். குதிரையை விட்டு அதனோடு இருப்பவன் பக்கம் திரும்பிய அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கும். அந்தத் திசையில் இன்னும் நிறைய எழுத இடம் இருக்கிறது.

நெடுந்தீவின் குதிரைகளை மீண்டும் நினைக்கிறேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் வந்தவற்றின் வழி என்று சொல்கிறார்கள். அவையும் ஒருகாலத்தில் சேணமும் சொல்லும் பழகியவைதான். ஏறியவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. 2015இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கோடையில் இன்றும் தண்ணீருக்குத் தவிக்கின்றன. கல்லாத குதிரை என்பது பிறப்பில் வருவது என்று நினைத்திருந்தேன். யாரும் பழகாமல் விட்ட சில தலைமுறைகளிலும் அது வரும். என் மகள் தமிழில் பேசுவதில்லை என்று நான் குறைப்படும்போதெல்லாம் வாரை இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பதும் அந்தத் தீவை நினைக்கும்போது வருகிறது. அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

பங்குனியில் இன்னொரு சனிக்கிழமை கூரை மறுபடி இரைந்தது. அவள் பாய்ந்தாள். என் கை இழுக்கத்தான் போனது. விட்டேன். ஆறேழு பாய்ச்சலில் வேகம் குறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கழுத்தில் கைவைத்தபோது என் கைதான் கூட நடுங்கியது. அன்று முழுவதும் அவள் குளிர்கால மயிர் உதிர்ந்து என் கையுறையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய சிற்றிதழைத் தேடி எடுத்தேன். கனடாவுக்கு வந்த புதிதில் நான் எழுதிய பனிக்கவிதை அதில் இருக்கிறது. ஐந்தாவது வரியில் பனி மௌனமாக விழுகிறது, வெள்ளைச் சேலைபோல. அச்சில் வந்தபோது நண்பர்கள் பாராட்டிய வரி. பனிக்குச் சத்தம் உண்டு என்பது அதை எழுதியவனுக்கு அப்போது தெரியாது.