சிவப்புக் கோடும் சிஏ-125உம்

துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டிங் முடிந்த குழாயைச் சோதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயத்தை அடித்து, சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து சிவப்புக் கோடாக மேலே வரும். கோடு வந்துவிட்டதே என்று யாரும் குழாயைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுவதில்லை. சரியாகத் துடைக்காத இடமும் சிவக்கும். கரடுமுரடான விளிம்பும் சிவக்கும். லேசாகத் தேய்த்து, மறுபடி சோதித்த பிறகுதான் விரிசல் என்று எழுதுவார்கள்.

இந்த நிதானம் என் அண்ணிக்குக் கிடைக்கவில்லை. வயது 44, உடம்பில் ஒரு குறையும் இல்லை. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் ஒன்றில் ‘கேன்சர் மார்க்கர்’ சேர்ந்தே வந்தது. ரிப்போர்ட்டில் சிஏ-125 என்ற வரிக்கு எதிரே 61 என்று தடித்த எழுத்து. பக்கத்தில், 35க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. மூன்று வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, ரத்தம் கொடுத்தது மாதவிடாய் நாளிலா என்பதுதான். ஆமாம். மறுமுறை எடுத்தபோது 29.

இதை ஆய்வகத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. குழப்பம் சிஏ-125 என்ற ஆன்டிஜெனின் இயல்பிலேயே இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர், சினைப்பைப் புற்றுநோய் செல்களில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். அது பற்றிக்கொள்ளும் பொருள்தான் சிஏ-125. அதைப் புற்றுநோய் மட்டும் சுரப்பதில்லை. வயிற்றின் உள்சவ்வும் கருப்பையின் உள்சுவரும்கூடச் சுரக்கின்றன. மாதவிடாய், கர்ப்பம், நார்க்கட்டி, கல்லீரல் சுருக்கம் எதிலும் அது ஏறலாம். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயிலும் ஏறும், சில நேரம் நூற்றுக்கணக்கில். வயிற்றில் நீரும் கோத்துக்கொண்டால், ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய நோய் சினைப்பைப் புற்றுநோய் போலவே தோற்றம் காட்டும். 1965இல் மான்ட்ரியாலில் கோல்டும் ஃப்ரீட்மனும் கண்டறிந்த சிஇஏ கதையும் இதுதான். முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்கே உரியது என்று கொண்டாடினார்கள். பின்னர் புகைபிடிப்பவர்களின் ரத்தத்திலும் அது கூடுதலாக இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 பெண்களில் 4 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு இரண்டு பேரிடம் மட்டுமே தவறாக மணியடிக்கட்டும். அந்த நால்வரையும் தவறாமல் பிடித்தாலும், கூடவே 200 பேர் நோயில்லாமலே நடுங்குவார்கள்.

200 பேர் பயந்தால் என்ன, 4 உயிர் பிழைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடி பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021இல் வந்த முடிவு என்னை உலுக்கியது. சிஏ-125 ஏறும் போக்கை ஆண்டுதோறும் கவனித்த பிரிவில் முதல் நிலையிலேயே பிடிபட்டவர்கள் அதிகம், இறப்போ குறையவில்லை. முன்கூட்டித் தெரிவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலும் இறப்பு குறையவில்லை. அங்கே தவறான எச்சரிக்கை பெற்றவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல்.

அதற்காக மார்க்கர்களையே தூக்கியெறியச் சொல்பவன் அல்ல நான். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் கலைந்த பிறகு எச்சிஜி அளவு வாரந்தோறும் இறங்குகிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் வேலை. மார்பகக் கட்டியின் திசுவில் ஹெர்2 இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிராஸ்டுசுமாப் மருந்தையே தீர்மானிக்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோய் உறுதியானவருக்குக் கீமோ கேட்கிறதா என்பதைச் சிஏ-125 நன்றாகவே சொல்லும். அங்கும் ஒரு வரம்பு உண்டு: எண் ஏறியதுமே, அறிகுறி வரும்வரை காத்திராமல் மறுசிகிச்சை தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே என் தீர்ப்பு இது. நோய் தெரிந்தவரிடமும், அறிகுறியோடு வந்தவரிடமும், பரம்பரை ஆபத்து உள்ளவரிடமும், மருத்துவர் குறிப்பிட்ட கேள்வியோடு கேட்கும் சோதனையாக இந்த ஆன்டிஜென்கள் இருக்கட்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணின் பேக்கேஜிலிருந்து சிஏ-125ஐ எடுத்துவிட வேண்டும்.

அந்த இடத்தில் எதை வைப்பது? விடை துவாக்குடியிலிருந்து தொலைவில் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். மாறிய திசு ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும். வெளுத்ததையே நோய் என்று எழுதிவிடாமல், கருவி வைத்து உற்றுப் பார்த்து, திசு எடுத்துச் சோதித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே ஒரு முறை செய்த சோதனை. 2007இல் முடிவு வந்தபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

என் அண்ணி வாங்கிய பேக்கேஜில் அந்தச் சோதனை இல்லை.